விற்பாரற்ற உண்மைகள்

பல்கலைக்கழகங்களிலே நீண்டகாலமாக எழுதப்படாத ஒரு வேலைப்பிரிவினை நிலவி வருகின்றது. நோயும் மருந்தும் மருத்துவ பீடத்தாருக்கு உரியன. மொழியும் வரலாறும் சமூகமும் கலைப்பீடத்தாருக்கு உரியன. ஒருவர் எல்லையை மற்றவர் மிதிக்கலாகாது என்பது இப்பிரிவினையின் சட்டம். இதன் விளைவு யாது? தமிழ்ச் சஞ்சிகைகளில் மருத்துவம் பற்றி வெளிவரும் கட்டுரை ஒன்றில் சித்தர்களின் தொன்மையைப் பாடும் புகழுரையாக அமைகின்றது. அன்றேல் உப்பைக் குறைக்கவும் நாள்தோறும் நடக்கவும் கூறும் அறிவுரையாக முடிகின்றது. ஒரு மருந்து நன்மை செய்யும் என்று எவர் கூறினார், எவ்வாறு அறிந்தார், எவர் பணத்தில் அறிந்தார், அறிந்தவற்றுள் எதனை மறைத்தார் என்னும் வினாக்கள் தமிழிலே அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவை வெறும் மருத்துவ வினாக்கள் அல்ல. அறிவு எவருக்கு உரியது என்னும் சமூக வினாவின் கூறுகளாகும். ஆகையால் இவற்றைக் கேட்கும் கடமை கலைப்பீடத்தாருக்கும் உண்டு.

வளர்ந்தோரின் பொதுநோய்கள் பற்றி அண்மைக் காலத்தில் நடைபெற்ற பெரிய ஆய்வுகளை ஒருங்கே நோக்கும்போது, அவை தரும் உண்மைகள் இரு வகைப்படுவதைக் காணலாம். புதிய மருந்து ஒன்று பழையதிலும் மேலானது என்று கூறுவது ஒரு வகை. இவ்வுண்மைக்கு விற்பனையாளர் உண்டு. வைத்தியரின் அறை வாயிலில் காத்து நிற்கும் கம்பனிப் பிரதிநிதி உண்டு. பளபளக்கும் துண்டுப்பிரசுரம் உண்டு. ஹோட்டல் மண்டபத்தில் நடைபெறும் கருத்தரங்கு உண்டு. நெடுங்காலம் கொடுக்கப்பட்டு வந்த மருந்து ஒன்று இன்ன நோயாளிக்குத் தேவையில்லை என்று கூறுவதும், சில ரூபாய் பெறுமதியான பழைய மருந்து உயிரைக் காக்கும் என்று கூறுவதும், மாத்திரையோடு வீடு தேடி வரும் ஓர் ஊழியரும் வேண்டும் என்று கூறுவதும் மற்றைய வகை. இவ்வுண்மைகளை விற்று இலாபம் பெறுவார் எவரும் இலர். விற்பாரற்ற உண்மைகளைப் பொதுமக்களும் பொது நிறுவனங்களுமே காத்துப் பரப்பல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், நோயாளர்களின் உடலை வருத்திப் பெறப்பட்ட அறிவு சஞ்சிகைப் பக்கங்களில் அடங்கி விடும். சந்தை தான் விரும்பியதை மட்டும் அறிவென்று அறிவிக்கும்.

சிகிச்சை ஆய்வு என்பது யாது என்பதனை முதலில் தெளிவுபடுத்துதல் வேண்டும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரித்தானியக் கடற்படை வைத்தியர், ஸ்கேவி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு சிகிச்சை அளித்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவிற் தேறினர். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியதோ 1795இலேயாகும். இடைப்பட்ட ஏறக்குறைய அரை நூற்றாண்டில் இறந்த மாலுமிகள் அறியாமையால் மட்டும் இறந்தவர்கள் அல்லர். அறியப்பட்டது நடைமுறைக்கு வராமையாலும் இறந்தவர்கள். நோயாளரை எழுமாற்றாகக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் முறை, 1948இல் பிரித்தானியாவில் வெளியிடப்பட்ட ஸ்ரெப்ரோமைசின் ஆய்வோடு உறுதிபெற்றது. அதன் புள்ளிவிபரவியல் அடிப்படையை வகுத்தவர் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில். யார் மருந்தைப் பெறுவது என்பதனை வைத்தியரின் விருப்பமோ நோயாளியின் செல்வாக்கோ தீர்மானிக்காது, எழுமாற்றே தீர்மானித்தால், இரு குழுக்களுக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டை மருந்தின் விளைவென்று கொள்ள இடமுண்டு.

'அனுபவமிக்க வைத்தியருக்கு இவ்வளவு கணக்கு எதற்கு?' என்று கேட்பார் உளர். அவர்களுக்குரிய விடை, மாரடைப்பின் பின்னர் இதயத் துடிப்பைச் சீராக்குவதற்கெனக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் வரலாற்றிலே உள்ளது. மாரடைப்பிலிருந்து தப்பியவர்களுள், இதயம் இடையிடையே ஒழுங்கற்றுத் துடிப்போர் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அறியப்பட்டிருந்தது. பிளெக்கைனைட், என்கைனைட் என்னும் மருந்துகள் அந்த ஒழுங்கற்ற துடிப்பை அடக்கின. ஆகவே அவை உயிரைக் காக்கும் என்று தருக்க முறைப்படி முடிவுசெய்யப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலே கற்றறிந்த வைத்தியர்கள் நல்லெண்ணத்தோடு அவற்றைக் கொடுத்து வந்தனர். பின்னர் 'காஸ்ட்' என்னும் ஆய்வு நடைபெற்றது. 1991இல் வெளியான அதன் அறிக்கையின்படி மருந்து பெற்ற 755 பேருள் 63 பேர் இறந்தனர். போலி மாத்திரை பெற்ற 743 பேருள் இறந்தோர் 26 பேர் மட்டுமே. இதயத் துடிப்புப் பதிவு சீரடைந்தது, நோயாளி இறந்தார். ஒப்பீடு இல்லாதவிடத்து எந்த வைத்தியரின் அனுபவமும் இதனைக் கண்டிருக்க முடியாது. மருந்துண்டு பிழைத்தவர் மருந்தாற் பிழைத்தார் என்றும், மருந்துண்டு இறந்தவர் நோயால் இறந்தார் என்றும் அனுபவம் கூறியிருக்கும்.

ஆய்வு நடைபெற்றால் மட்டும் போதுமா? போதாது. நடைபெற்றவை யாவும் வெளிவரல் வேண்டும். வெளிவந்தவை யாவும் ஒருங்கு சேர்த்து மதிப்பிடப்படல் வேண்டும். ஆர்ச்சி கொக்ரேன் என்னும் பிரித்தானிய வைத்தியர் 1972இல் எழுதிய நூலொன்றில், பயனுறுதி ஆய்வினால் நிறுவப்பட்ட சிகிச்சைக்கே பொதுப்பணம் செலவிடப்படல் வேண்டும் என வாதிட்டார். அவர் பெயரால் 1993இல் அமைந்த கொக்ரேன் அமைப்பு, ஒவ்வொரு சிகிச்சை பற்றியும் நடைபெற்ற ஆய்வுகளைத் திரட்டி மதிப்பீட்டு அறிக்கைகளாக வெளியிடுகின்றது. ஆனால் மறைக்கப்பட்டதை எவ்வாறு திரட்டுவது? மனச்சோர்வு நோய்க்குரிய 12 மருந்துகள் பற்றி ஐக்கிய அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்திற் பதியப்பட்டிருந்த 74 ஆய்வுகளை எரிக் ரேணர் என்பவரும் உடனாய்வாளரும் பரிசீலித்து 2008இல் முடிவை வெளியிட்டனர். மருந்துக்குச் சாதகமென அந்நிறுவனம் கணித்த ஆய்வுகள் 38. அவற்றுள் 37 சஞ்சிகைகளில் வெளிவந்தன. சாதகமற்றவை அல்லது ஐயத்துக்குரியவை 36. அவற்றுள் 22 வெளிவரவேயில்லை. 11 சாதகமானவை போலத் தோற்றுமாறு எழுதி வெளியிடப்பட்டன. 3 மட்டுமே உள்ளபடி வெளிவந்தன. சஞ்சிகைகளை மட்டும் படித்த வைத்தியருக்கு நூற்றுக்கு 94 ஆய்வுகள் வெற்றியெனத் தோன்றும். உண்மையில் வெற்றி நூற்றுக்கு 51 மட்டுமே. இம்மருந்துகள் பயனற்றவை என்று இதனாற் கூறுதல் தவறு. அவற்றின் பயன் மிகைப்படுத்தப்பட்டது என்பதே சரியான முடிவு. எனினும் வினா எஞ்சி நிற்கின்றது. வெளிவராத அந்த 22 ஆய்வுகளுக்கும் தம் உடலைத் தந்த நோயாளர்களுக்கு யார் பதில் கூறுவது?

இலாபம் தராத உண்மையைத் தேடுவதற்குப் பொதுப்பணமும் பொதுநோக்கும் முன்வந்தபோது விளைந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். குருதிப்பெருக்கைத் தடுக்கும் ட்ரனெக்சாமிக் அமிலத்தை யப்பானிய விஞ்ஞானிகளான உத்தாக்கோ ஒக்கமோட்டோவும் அவர் கணவர் சொசூக்கேயும் 1962இல் கண்டறிந்தனர். காப்புரிமை முடிந்த, மலிவான மருந்து அது. விபத்தில் குருதி இழப்போரை அது காக்குமா என்று பெருமளவிற் சோதித்தறிய ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. இலண்டன் சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்த ஆய்வொன்று 40 நாடுகளில் 20,211 பேரைச் சேர்த்தது. 2010இல் வெளியான முடிவின்படி, போலி மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 16.0 பேர் இறக்க, இம்மருந்து பெற்றவருள் 14.5 பேர் இறந்தனர். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். வீதி விபத்துக்கள் மலிந்த உலகிலே அச்சிறு வேறுபாட்டினுள் அடங்கும் உயிர்கள் பல்லாயிரம்.

2020இல் கொவிட் நோய் பரவியபோதும் இதுவே நிகழ்ந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் வழிநடத்திய 'ரிக்கவரி' ஆய்வு, 1950களில் உருவான டெக்சாமெதசோன் என்னும் மலிவான மருந்தைச் சோதித்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோருள் வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 41.4 பேர் 28 நாட்களுள் இறந்தனர். இம்மருந்தையும் பெற்றவர்களில் இறந்தோர் 29.3 பேர். ஒட்சிசன் தேவைப்படாத நோயாளருக்கு இம்மருந்தினால் நன்மை காணப்படவில்லை என்பதனையும் அவ்வாய்வே கூறியது. யாருக்கு வேண்டும் என்பதோடு யாருக்கு வேண்டாம் என்பதனையும் கூறுவதே நேர்மையான ஆய்வின் இலக்கணம்.

'வேண்டாம்' என்னும் அச்சொல்லே சந்தைக்குப் பிடியாத சொல். மாரடைப்புற்ற ஏறக்குறைய அனைவருக்கும் பீற்றா தடுப்பி மாத்திரைகளைக் கொடுப்பது பல்லாண்டு கால வழக்கம். அவ்வழக்கத்துக்கு ஆதாரமான ஆய்வுகள், அடைபட்ட நாடியை உடனே திறக்கும் இன்றைய சிகிச்சைகள் பரவுமுன் நடைபெற்றவை. இதயத்தின் சுருங்கும் வலு குறையாதவர்களுக்கு இம்மாத்திரை இன்றும் வேண்டுமா? சுவீடனை மையமாகக் கொண்டு பொதுப்பணத்தில் 5,020 பேரிடம் நடைபெற்று 2024இல் வெளியான ஆய்வு, இறப்போ மீண்டும் மாரடைப்போ மாத்திரை பெற்றவரில் நூற்றுக்கு 7.9 பேருக்கும் பெறாதவரில் 8.3 பேருக்கும் நேர்ந்தது எனக் கண்டது. கருதத்தக்க வேறுபாடு இல்லை. 2025இல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 8,505 பேரிடம் நடைபெற்ற ஆய்வின் முடிவும் அதுவே. ஆனால் அதே ஆண்டில் டென்மார்க்கிலும் நோர்வேயிலும் 5,574 பேரிடம் நடைபெற்ற ஆய்வு, மாத்திரையாற் சிறு நன்மை உண்டெனக் கண்டது. விஞ்ஞானம் இவ்வாறு தன்னோடு தானே வாதிட்டே முன்செல்கின்றது. இதயத்தின் வலு குன்றியவர்களுக்கு இம்மாத்திரை பயன் தருவது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எவராயினும் இதனைத் திடீரெனத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. இங்கு வலியுறுத்தப்படுவது மாத்திரையை வீசுமாறன்று. 'எனக்கு இது இன்னும் தேவையா?' என்று வைத்தியரிடம் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டென்பதே. அவ்வினாவைக் கேட்கும் அறிவை அவருக்கு அளித்தல் கற்றோர் கடன்.

அஸ்பிரினும் அத்தகையதே. இதயநோய் வராத முதியோரும் 'காவலுக்கு' நாள்தோறும் அதனை உண்பது பல வீடுகளில் வழக்கம். அவுஸ்திரேலியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 19,114 முதியோரிடம் நடைபெற்று 2018இல் வெளியான ஆய்வு, அத்தகையோர் உடலூனமும் மறதிநோயுமின்றி வாழும் காலத்தை அஸ்பிரின் நீட்டவில்லை என்றும், பெரும் குருதிப்பெருக்கு 2.8 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் கூடியது என்றும் காட்டியது. ஏற்கெனவே மாரடைப்போ பாரிசவாதமோ கண்டவர்களுக்கு அஸ்பிரினின் பயன் வேறு. நோய் காணாதவர்க்கு வேறு. இவ்வேறுபாட்டை விளக்கித் தமிழிற் கூறுவதற்கு எந்தக் கம்பனி பணம் செலவிடும்?

இவை அனைத்தும் அந்நிய நாட்டுச் செய்திகள், இந்நாட்டுக்கு என்ன பொருத்தம் என்று கூறுவோர், இலங்கை மண்ணிலேயே நடைபெற்ற ஆய்வுகளை அறியாதோராவர். வயலில் இறங்கும் உழவனைப் பாம்பு தீண்டினால் வைத்தியசாலையில் ஏற்றப்படும் விஷமுறிப்பு மருந்து, இந்தியாவிற் குதிரைகளின் குருதியிலிருந்து தயாரிக்கப்படுவது. விஷத்தினின்று காக்க வந்த அம்மருந்தே சிலவேளை உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். அதனைத் தடுக்கவென ஹைட்ரோகோட்டிசோன், புரோமெதசீன் முதலியவற்றை முற்கூட்டி ஏற்றுவது, போதிய ஆதாரமின்றியே வழக்கில் இருந்து வந்தது. இலங்கை ஆய்வாளர் 1,007 நோயாளரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கத்தைச் சோதித்தது. நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோவொரு அளவில் ஒவ்வாமை ஏற்பட்டது. முற்கூட்டியே குறைந்த அளவில் ஏற்றப்பட்ட அதிரினலின், கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 சதவீதத்தாற் குறைத்தது. மற்றைய இரு மருந்துகளும் பயன் தரவில்லை. ஹைட்ரோகோட்டிசோன் சேர்ந்தபோது அதிரினலினின் நன்மையும் கெட்டது. அதிரினலின் எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்கவேண்டிய மலிவான மருந்து. செல்வந்த நாடுகளில் பாம்புக்கடி அருமையாதலால், இவ்வினாவை வேறு எவரும் இவர்களுக்காகக் கேட்டிருக்கமாட்டார். இந்நாட்டு உழவனின் வினாவை இந்நாட்டு ஆய்வே கேட்டது.

குருதியமுக்கம் பற்றிய ஆய்வுகள் இரண்டு இதனினும் முக்கியமானவை. தெல்மிசாட்டன், அம்லோடிப்பின், குளோர்தாலிடோன் என்னும் மூன்று பழைய மருந்துகளைக் குறைந்த அளவிற் சேர்த்து ஒரே மாத்திரையாக்கி, இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் சோதித்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆறு மாத முடிவில் அம்மாத்திரை பெற்றவருள் நூற்றுக்கு 70 பேர் வேண்டிய அளவை எட்டினர்; வழமையான சிகிச்சை பெற்றவருள் எட்டியோர் 55 பேர். வங்காளதேசம், பாக்கிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறப் பகுதிகளில் 2,645 பேரிடம் நடைபெற்று 2020இல் வெளியான மற்றைய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்று அமுக்கத்தை அளந்தனர், அறிவுரை கூறினர், வேண்டியோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டுகளின் பின்னர், ஊழியர் சென்ற ஊர்களில் மேல் அமுக்கம் மற்றைய ஊர்களை விட 5.2 அலகு அதிகமாகக் குறைந்திருந்தது. காப்புரிமை பெறக்கூடிய பொருள் எதுவும் இதில் இல்லை. ஊழியருக்கு ஊதியமும் பயிற்சியும் ஒழுங்கான மேற்பார்வையுமே வேண்டியவை. அவை சந்தையிற் கிடைப்பன அல்ல. அரசியல் முடிவாற் கிடைப்பவை.

மூன்று மருந்து மாத்திரையின் கதை இங்கு முடியவில்லை. அதே தத்துவத்தில், மூன்று மருந்துகளுள் ஒன்றை மாற்றி அமைத்த வேறொரு மாத்திரைக்கு 2025 யூனில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனை அனுமதி கிடைத்தது. கிளினிக் வாங்கில் காலையிலிருந்து காத்திருந்த இலங்கை நோயாளர் அத்தத்துவம் நிறுவப்படுவதற்குத் தம் உடலாற் பங்களித்தவர்கள். உண்மைக்கு விற்பனையாளர் கிடைத்தவுடன் அது எந்த விலையில், எந்தச் சந்தைக்கு, யாரிடம் செல்லும்? அந்த நோயாளரின் கிளினிக்குக்குத் திரும்பி வருமா? இவ்வினாவை எழுப்பாத 'விஞ்ஞான மனப்பான்மை' அரைகுறையானது.

இவ்வாதத்துக்கு இரு திசைகளிலிருந்தும் எதிர்ப்பு எழக்கூடும். 'சாமானியர் மருத்துவ ஆய்வைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். இதனை வைத்தியரிடம் விட்டுவிடுக' என்பது முதலாவது. குழப்பம் படிப்பதனால் வருவதன்று. பாதியை மட்டும் படிக்கவிடுவதனால் வருவது. வைத்தியரோ நாளொன்றுக்குப் பெருந்தொகையினரைப் பார்க்கவேண்டியவர். உலகெங்கும் வெளிவரும் ஆய்வுகளை அவர் தனித்துப் படித்து மதிப்பிடுதல் இயலாது. பக்கஞ்சாராத மதிப்பீடு அவர் கைக்கு எட்டாதவிடத்துக் கம்பனிப் பிரதிநிதியின் பிரசுரம் எட்டுகின்றது. அறிவுள்ள நோயாளி வைத்தியருக்குப் பகைவர் அல்லர். விற்பனையாளரை எதிர்ப்பதில் அவருடைய துணைவர்.

'மேலைமருத்துவம் முழுவதும் வியாபாரம். நமது பழைய முறையே போதும்' என்பது இரண்டாவது எதிர்ப்பு. முற்போக்கு உடையணிந்தும் இவ்வெதிர்ப்பு வருவதுண்டு. இதன் பலனை இந்நாடு கண்டுள்ளது. 2020 டிசெம்பரில் கேகாலை மாவட்டத்தில், கொவிட் நோயைத் தடுக்கும் எனக் கூறப்பட்ட பாணி ஒன்றைப் பெற ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் திரண்டனர். சுகாதார அமைச்சரே அதனைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 சனவரியில் அவரும் அந்நோய்த் தொற்றுக்கு ஆளானார். அதே காலத்தில் மேலைநாட்டின் புகழ்பெற்ற சஞ்சிகையான 'லான்செற்', 671 வைத்தியசாலைகளின் 96,032 நோயாளர் பற்றியதெனக் கூறப்பட்ட கட்டுரையொன்றை 2020 மே மாதம் வெளியிட்டு, அதன் தரவுகளைச் சரிபார்க்க முடியாமையால் இரண்டு வாரங்களுள் மீளப்பெற நேர்ந்தது. பாணிக்கும் சஞ்சிகைக்கும் ஒரே அளவுகோலே பொருந்தும்: தரவு எங்கே? ஒப்பீடு எங்கே? பிறர் சரிபார்க்க இயலுமா? சித்தம், ஆயுள்வேதம், அலோபதி என்னும் பெயர்கள் இவ்வினாவிலிருந்து எதற்கும் விலக்களிக்கமாட்டா. வியாபாரத்துக்கு மருந்து மூடநம்பிக்கையன்று. மேலும் கடுமையான விஞ்ஞானமே.

இது வெறும் அறிவுவாதமும் அன்று. 2022 மார்ச்சிலே பேராதனைப் போதனா வைத்தியசாலையில், மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிடப்பட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. அந்நியச் செலாவணி வற்றிய நாட்டில் பயனற்ற மருந்துக்குச் செலவிடப்படும் ஒவ்வொரு டொலரும், பயனுள்ள மருந்து கிடைக்காத ஒருவரிடமிருந்து பறிக்கப்படும் டொலராகும். இதனை அரை நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்தவர் மருந்தியற் பேராசிரியரும் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கியவருமான சேனக்க பிபிலே. அவரும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. தேவையான மருந்துகளின் பட்டியலை வரையறுத்தல், வர்த்தகப் பெயரைத் தவிர்த்து மருந்தின் பொதுப்பெயராற் கொள்வனவு செய்தல், வைத்தியருக்குப் பக்கஞ்சாராத மருந்துத் தகவலை அளித்தல் என்பன அக்கொள்கையின் அடிப்படைகள். பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். அதே ஆண்டில் வந்த திறந்த பொருளாதாரத்தோடு அக்கொள்கையும் தளர்ந்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. சட்டம் வந்தது, சட்டத்தை உயிர்ப்பிக்கும் மக்கள் அறிவு வந்ததா என்பதே வினா.

அவ்வறிவு தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே வரல் வேண்டும். மருத்துவம் தமிழிற் சொல்லத்தகாத துறை என்பது வரலாற்றை அறியாதார் கூற்று. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; கலைச்சொற்களை ஆக்கினார். கடல் கடந்து வந்த ஒருவர் அன்று செய்ய முயன்றதை, பல்கலைக்கழகங்களும் தமிழ்த்துறைகளும் பெற்றுள்ள ஒரு சமூகம் இன்று செய்யாதிருப்பதற்கு நியாயம் உண்டா? திருக்குறளின் மருந்து அதிகாரம் மேடைதோறும் ஒப்புவிக்கப்படுகின்றது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து நோயாளியையே முதலில் வைத்தார் என்பதன் பொருளை ஒப்புவிப்போர் சிந்திப்பதில்லை. உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 2013இல் திருத்தப்பட்டபோது, ஆய்விற் பங்குபற்றியோருக்கு அதன் பொது முடிவை அறியும் வாய்ப்பு அளிக்கப்படல் வேண்டும் என்றும், சாதகமற்ற முடிவுகளும் வெளியிடப்படல் வேண்டும் என்றும் கூறியது. தமிழ் மட்டும் அறிந்த நோயாளிக்கு ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவந்த முடிவு, வெளிவராத முடிவேயாகும்.

செய்யவேண்டியவை எட்டாத் தொலைவில் இல்லை. இலங்கையில் நடைபெறும் சிகிச்சை ஆய்வுகளைப் பதியும் ஏடு 2006 முதல் உள்ளது. அதிற் பதியப்படும் ஒவ்வோர் ஆய்வின் முடிவும் தமிழிலும் சிங்களத்திலும் எளிய சுருக்கமாக வெளியிடப்படல் வேண்டுமெனக் கோருதல் வேண்டும். மருத்துவ பீட மாணவரும் கலைப்பீட மாணவரும் ஒன்றிணைந்து, ஆண்டுதோறும் வெளியாகும் முக்கிய ஆய்வுகளையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் படித்துத் தமிழிற் தரும் குழுவொன்றைத் தமிழ்ச் சங்கங்கள் அமைத்தல் வேண்டும். ஒருவர் புள்ளிவிபரத்தைச் சோதிக்க, மற்றவர் மொழியைச் சோதிக்கலாம். யார் பணம் கொடுத்தார் என்பதனை இருவரும் சோதிக்கலாம். கிளினிக் வரிசையில் நிற்கும் முதியவர் தம் கையிலுள்ள மாத்திரைப் பையை வைத்தியரிடம் காட்டி, இவற்றுள் எது தேவை, எது தேவையற்றது என்று அச்சமின்றிக் கேட்கும் நிலை தோன்றும்வரை இப்பணி முடிந்ததாகாது. விற்பாரற்ற உண்மைகளுக்கு உரியவர்கள் மக்களே. அவற்றை அவர்களிடம் கொண்டு சேர்க்காத கல்வி, எந்தப் பீடத்தினதாயினும், தன் கடனைத் தீர்க்காத கல்வியாகும்.